பிடிபடாத பிழைகளைப் பிடித்த சாமியார்

பார்சிப்பனியில் எங்கள் ஆபீஸ் பார்க்கிங்கில் கார் நிறுத்த இடம் கிடைக்காமல் போகும் என்று நான் கனவிலும் நினைத்ததில்லை. அந்த வெள்ளிக்கிழமை கிடைக்காமல் போனது. சர்வர் சித்தர் வந்திருந்தார்.

சர்வர் என்றதும் இட்லித் தட்டோடு வருகிறவர் என்று நினைத்துவிடாதீர்கள். இவர் கம்ப்யூட்டர் சர்வருக்குச் சித்தர். படுத்த வெப்சைட்டை எழுப்புவார், பிழை வந்தால் ஓட்டுவார். மற்ற பேயோட்டிகள் கையில் வேப்பிலை இருக்கும். இவர் கையில் வேப்பிலையும் இருந்தது, கூடவே ஒரு பென் டிரைவும் இருந்தது. காலத்துக்கு ஏற்ற சாமி!

எடிசனிலிருந்து வந்தார்கள், ஈஸ்ட் பிரன்ஸ்விக்கிலிருந்து வந்தார்கள், பாலம் தாண்டி ஸ்டேட்டன் ஐலண்டிலிருந்துகூட வந்தார்கள். இரண்டு மாஸ்டர்ஸ் முடித்தவர்கள், பேடன்ட் வைத்திருப்பவர்கள், மேடையேறி ஏஐ பற்றிப் பேசுகிறவர்கள். அத்தனை பேரும் லேப்டாப்பை மார்போடு அணைத்துக்கொண்டு விபூதிக்கு வரிசையில் நின்றார்கள். ஒருவர் ஐபேடுக்கும் சேர்த்துப் பூசுவாரா என்று என்னிடம் விசாரித்தார். தெரியாது, கேட்டுச் சொல்கிறேன் என்றேன்.

சித்தரின் பூர்வாசிரமப் பெயர் ஜெயபிரகாஷ். மூன்று வருடம் முன்புவரை வீடு விற்கும் ஏஜெண்ட். பேங்க் வட்டி ஏறியது, வீடு விற்பது நின்றது, ஞானம் பிறந்தது.

இதையெல்லாம் இவ்வளவு நக்கலாகச் சொல்கிறானே, இவன் பெரிய பகுத்தறிவாளன் போலிருக்கிறது என்று நினைக்காதீர்கள். நான் கதிர். அந்தக் கம்பெனியில் டேட்டாபேஸ் பார்க்கிறவன். என் கிரீன் கார்டு அப்ளிகேஷன் முதலாளி கையில் இருந்தது. முதலாளி எலுமிச்சம்பழத்தை நம்பினார், அதனால் நானும் நம்பினேன். ரவுட்டரில் அந்தப் பழத்தை நூல் கட்டித் தொங்கவிட்டதே நான்தான்.

முதலாளி சேனாபதி, கோபிச்செட்டிபாளையத்துக்காரர். டேகேர்களுக்கு ஒரு வெப்சைட் நடத்துகிறார். பெற்றோர் அதில் பிள்ளையைப் பதிய வேண்டும்: யார் கொண்டுவந்து விடுவார்கள், யார் கூட்டிப்போவார்கள், பிள்ளைக்கு எது ஒத்துக்கொள்ளாது. நாற்பது டேகேர்கள் இதை நம்பி ஓடுகின்றன. அதில் ஒன்று ஈஸ்ட் பிரன்ஸ்விக்கில் அவர் மனைவி சாந்தாமணியே நடத்துவது.

பத்து வருடமாக எங்கள் வெப்சைட்டில் பிழையே கிடையாது. எப்படித் தெரியும் என்று கேட்கிறீர்களா? அதைத்தான் வான்மதியும் கேட்டாள்.

வான்மதி போன செப்டம்பரில் சேர்ந்த புரோகிராமர். ஆத்தூர்ப் பக்கத்துப் பெண், எச்-1பி விசா. சேர்ந்த முதல் வாரமே, சைட்டில் எர்ரர் வந்தால் நமக்கு எப்படி சார் தெரியும் என்று கேட்டுவிட்டாள். வந்தால்தானே தெரிவதற்கு என்றார் சேனாபதி. யாராவது பெற்றோர் போன் செய்தால் எங்களிடம் ஒரே பதில்தான் உண்டு: ரீஃப்ரெஷ் பண்ணிப் பாருங்க. மறுபடியும் போன் வந்தால்: உங்க நெட் சரியில்லை.

அவள் பொறுமையாக விளக்கினாள். பெற்றோரின் போனில் நம் பக்கம் திறக்கிறது. அங்கே ஒரு வரி தடுக்கி விழுகிறது. விழுந்ததைத் தாங்கிப் பிடிக்க நாம் ஏற்பாடு செய்யவில்லை என்றால் அதற்கு ‘அன்காட் எர்ரர்’ என்று பெயர், பிடிபடாத பிழை. அது அவர்கள் போனிலேயே விழுந்து அங்கேயே செத்துப்போகும், நமக்குச் செய்தியே வராது. இனிமேல் ஒவ்வொரு பிழையும் எந்தப் பக்கம், எத்தனையாவது வரி என்று நமக்கு ஒரு குறிப்பு அனுப்பிவிட்டுச் சாகட்டும் என்று அவள் ஏற்பாடு செய்தாள். மொத்த எண்ணிக்கை தெரிய சுவரில் ஒரு டிவியும் மாட்டினாள்.

அன்று சாயங்காலம் டிவி காட்டிய எண் நானூற்றுப் பன்னிரண்டு.

சேனாபதிக்கு வியர்த்துவிட்டது. பத்து வருடமாக ஒன்றுகூட இல்லை, இந்தப் பெண் வந்த வாரமே நானூற்றுப் பன்னிரண்டு! தெர்மாமீட்டர் வாங்கிய அன்றைக்குத்தான் வீட்டில் காய்ச்சல் வந்தது என்று கணக்குப் போடுகிற மூளை அது. எல்லோருக்கும் அப்படித்தான் தோன்றியது. எனக்கு அப்படித் தோன்றவில்லை, ஆனால் நான் வாயைத் திறக்கவில்லை.

ஒரு வாரத்தில் சித்தர் வந்து இறங்கினார். டிவிக்கு எதிரே நின்று கண்ணை மூடினார். பிறகு வரிசையாக ஓடிக்கொண்டிருந்த பிழைப் பட்டியலைப் பார்த்தார். ஒவ்வொரு வரியும் ‘அன்காட்’ என்ற சொல்லில்தான் தொடங்கும். அதைப் பிடித்துக்கொண்டார் மனுஷர்.

“மெஷினே வாய் தெறந்து சொல்லுது பாருங்க. அன்காட். பிடிபடலையாம். கண்ணுக்குத் தெரியாது, கைக்குப் பிடிபடாது. இந்த லட்சணம் எதுக்கு இருக்கு?”

பேய்க்கு என்று நாலு பேர் ஒரே குரலில் சொன்னார்கள். அதில் ஒருவர் கணிதத்தில் டாக்டர் பட்டம் வாங்கியவர்.

பேய் எந்த வழியாக வந்தது என்று பார்க்க, கடைசியாகச் சேர்ந்தவர் யார் என்று கேட்டார் சித்தர். வான்மதியின் பாஸ்போர்ட் காப்பியைக் கொண்டுவந்து கொடுத்தார்கள். அவள் ஒற்றைப் பெயர்க்காரி. நம் ஊரில் அப்பா பெயர் முதலெழுத்தாகச் சுருங்கி பாஸ்போர்ட்டில் வராமலே போய்விட்டால், அமெரிக்க விசாவில் என்ன ஆகும் தெரியுமா? இருக்கிற பெயரைக் குடும்பப் பெயர் ஆக்கிவிட்டு, முதல் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ‘எஃப்.என்.யூ.’ என்று போடுவார்கள். முதல் பெயர் தெரியவில்லை என்று அர்த்தம். நம்மவர்களில் ஆயிரம் பேருக்கு இந்தக் கூத்து உண்டு. சித்தர் அதில் விரலை வைத்து, அரசாங்கமே இவளுக்குப் பெயர் தெரியாது என்கிறது, பெயர் இல்லாதது எது என்று கேட்டார். அஷ்டமியில் வேலைக்குச் சேர்ந்திருக்கிறாள் என்பதையும் காலண்டரைப் புரட்டிக் கண்டுபிடித்தார்.

பரிகாரம் இரண்டு. முதலாவது, யந்திரம். பென் டிரைவில் இருந்த ஒரு மந்திரத்தை வெப்சைட்டின் வாசற்படியில், அதாவது எல்லா வரிகளுக்கும் முதல் வரியாக, வைக்க வேண்டும். அது என்ன எழுத்து என்றே யாருக்கும் புரியாது, எண்ணும் எழுத்தும் குழம்பிய ஒரு மூட்டை. பிரித்துப் பார்த்தால் பலன் போய்விடும், பார்த்தவருக்குக் கண்ணும் போய்விடும். சேனாபதி குளித்துவிட்டு வந்து தன் கையாலேயே அதை வைத்தார். தீட்டு ஆகாது என்று வான்மதி புரோகிராமைத் தொடவே முடியாதபடி பூட்டினார். பாவம், அவள் மூன்று வாரம் சும்மா உட்கார்ந்து டிவியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

யந்திரம் ஏறிய நிமிடமே டிவியில் பூஜ்யம். மறுநாளும் பூஜ்யம். இருபத்தொரு நாளாகப் பூஜ்யம். நியூ ஜெர்சி முழுக்கச் செய்தி பரவிவிட்டது. அதற்குத்தான் இந்த வெள்ளிக்கிழமை விழா, அதற்குத்தான் பார்க்கிங் நெரிசல். யந்திரம் ஒன்று ஐந்நூற்றொரு டாலர், கிரெடிட் கார்டும் செல்லும்.

இரண்டாவது பரிகாரம், பெண்ணை அனுப்பிவிடுவது. அதுவும் அமாவாசைக்குள். அன்றைக்குத்தான் அமாவாசை.

வேலை நீக்கக் கடிதத்தைச் சேனாபதி எல்லோருக்கும் பொதுவான பிரிண்டரில் அடித்துவிட்டார். அதை முதலில் எடுத்தவன் நான். கடிதத்தில் அஷ்டமி என்றா எழுதுவார்கள்? ‘செயல்திறன் போதாது’ என்று இருந்தது. வேலை போனால் அவளுக்கு அறுபது நாள். அதற்குள் வேறு வேலை கிடைக்காவிட்டால் நாட்டை விட்டுக் கிளம்ப வேண்டும். ஊரில் அவள் சம்பளத்தை நம்பித் தம்பி படிக்கிறான் என்பது எனக்குத் தெரியும். கடிதத்தை மடித்துக்கொண்டு திரும்பினேன். அப்போது பின்னால் ராஜராணி அக்கா நின்றார்.

ராஜராணி அக்கா யாழ்ப்பாணத்துக்காரர். எங்கள் டெஸ்டர். நாங்கள் கட்டுவதை உடைத்துப் பார்ப்பதுதான் அவர் உத்தியோகம், இருபது வருடமாக உடைத்துக்கொண்டிருக்கிறார். பெற்றோரின் போனை எடுப்பதும் அவர்தான். டிவியில் பூஜ்யம் வந்த பிறகும் தனக்கு வருகிற போன் ஒன்றுகூடக் குறையவில்லை என்றார். முந்தின நாள்கூட வெங்கடாசலம் என்று ஒருவர் பேசியிருக்கிறார். மகளுக்கு வேர்க்கடலை ஒத்துக்கொள்ளாது, பட்டால் தொண்டை அடைத்துக்கொள்ளும். அதைப் பதியலாம் என்று சேவ் பொத்தானை ஐந்து தடவை அழுத்தியும் சக்கரம் சுற்றிக்கொண்டே இருக்கிறதாம். அக்கா போய்ச் சேனாபதியிடம் சொல்லியிருக்கிறார். அவுரு நெட் சரியில்லீங்க என்று பதில் வந்திருக்கிறது.

அக்கா அந்தக் கடிதத்தைப் படித்தார். “கதிர், நீங்கள் எழும்பி ஒரு வார்த்தை கதைப்பீங்களோ?” என்று கேட்டார். என் கிரீன் கார்டு என்று இழுத்தேன். அவர் என்னை வையவில்லை, வைதிருந்தால் தேவலை என்றிருந்தது. “சரி, நீங்கள் கதைக்க வேண்டாம். மணி அடிக்குதோ எண்டு அறிய, ஒருக்கா அடிச்சுப் பாத்தால் போதும்” என்று சொல்லிவிட்டுக் கூட்டத்துக்குள் போனார்.

கான்ஃபரன்ஸ் ஹாலில் மேடை, மேடையில் சித்தர், அவர் தலைக்கு மேல் டிவி, டிவியில் பச்சை நிறத்தில் பூஜ்யம். கூட்டம் அதைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டது. ஆதியும் அந்தமும் பூஜ்யமே என்பதுபோல் ஏதோ பேசி முடித்தார் சித்தர். அப்போது ராஜராணி அக்கா எழுந்து, மிகவும் பணிவாக ஒரு விண்ணப்பம் வைத்தார். சாமி தன் திருக்கையால் எங்கள் வெப்சைட்டில் ஒரு பிள்ளையைப் பதிந்து ஆசீர்வதிக்க வேண்டும். சேனாபதிக்குப் பூரிப்பு தாங்கவில்லை. இத்தனை நாள் இந்த அம்மாவைத் தப்பாக நினைத்துவிட்டோமே என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார்.

லேப்டாப் வந்தது, பெரிய திரையில் எல்லோருக்கும் தெரிந்தது. பெற்றோர் பெயர் என்ற கட்டத்தில் சித்தர் ‘சர்வர்சித்தர்’ என்று இடைவெளி விடாமல் அடித்தார்.

“இனிஷியல் ஒண்டும் இல்லையோ சாமி?”

“துறந்தவனுக்கு ஏதும்மா இனிஷியல்? நான் ஒத்தைச் சொல்.”

கைதட்டல். பிள்ளை பெயர் வெண்பா என்று அடித்தார். ஒத்துக்கொள்ளாதது, வேர்க்கடலை. அதை அக்காதான் சொல்லிக்கொடுத்தார். சித்தர் கண்ணை மூடி, முணுமுணுத்து, சேவ் பொத்தானை அழுத்தினார்.

சக்கரம் சுற்றியது. சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது. தலைக்கு மேல் பூஜ்யம் அசையவில்லை.

நெட் ஸ்லோ என்றார் சித்தர். இருக்கலாம் என்று அக்கா ஒத்துக்கொண்டார். தன் போனை எடுத்து, அதே பக்கத்தில் ‘ராஜ ராணி’ என்று நடுவில் இடம் விட்டு அடித்தார். சேவ். உடனே ஏறியது. அதே போன், அதே நெட். இப்போது ‘ராஜராணி’ என்று சேர்த்து அடித்தார். சேவ். சக்கரம். இன்னொரு தடவை பிரித்து அடித்தார், ஏறியது. சேர்த்து அடித்தார், சுற்றியது. டிவியில் பூஜ்யம் ஜம்மென்று உட்கார்ந்திருந்தது.

“பிழை இஞ்ச என்ர கையில நிக்குது. சுவரில பூச்சியம் நிக்குது. ரெண்டில ஒண்டு பொய். எது எண்டு சாமி சொல்லட்டும்” என்றார் அக்கா.

நம்பிக்கை இல்லாதவர்கள் இருக்கும் இடத்தில் யந்திரம் வேலை செய்யாது என்றார் சாமி. அந்த வார்த்தைக்கும் தலையாட்ட ஆட்கள் இருந்தார்கள், என்ன செய்வது!

முன்வரிசையில் இருந்த சாந்தாமணி மேடம் எழுந்தார். வெங்கடாசலத்தின் மகள் இவருடைய டேகேர் பிள்ளை. அக்கா சொல்லி அவருக்கு அன்று காலையில்தான் விஷயம் தெரியும். முகம் வெளுத்திருந்தது. கணவரைப் பார்த்துத்தான் பேசினார்.

“ஏனுங்க, நேத்து ஸ்நாக்ஸுக்குப் பீனட் பட்டர் பிஸ்கட் வெச்சிருந்தனுங்க. லிஸ்ட்ட பாத்தேன், அந்தப் புள்ள பேருக்கு நேரா ஒண்ணுமே இல்ல. அது ஜொரம்னு நேத்து வரல, அதனால தப்பிச்சுது. வந்திருந்தா என் கையாலயே குடுத்திருப்பேன். எடுங்க அந்த மந்திரத்த.”

சேனாபதி சித்தரைப் பார்த்தார். எடுத்தால் குடும்பத்துக்கு ஆகாது என்றார் சித்தர். சேனாபதி மனைவியைப் பார்த்தார். அந்தம்மா உட்காரவில்லை. அந்தப் பார்வையைப் பார்த்தால் எந்த யந்திரமும் தானாகவே இறங்கியிருக்கும். சேனாபதி லேப்டாப்பை இழுத்து, வாசற்படியில் இருந்த அந்த முதல் வரியை எடுத்தார். சத்தியமாகச் சொல்கிறேன், ஒரு கண்ணை மூடிக்கொண்டுதான் எடுத்தார். போனால் ஒன்றோடு போகட்டும் என்று நினைத்தாரோ என்னவோ.

கண் போகவில்லை. அக்கா ‘ராஜராணி’ என்று சேர்த்து அடித்து சேவ் பொத்தானை அழுத்தினார். டிவியில் பூஜ்யம் மறைந்து ஒன்று வந்தது. அக்கா கையை எடுத்துவிட்டார். ஆனால் எண் நிற்கவில்லை. மூன்று, எட்டு, பத்தொன்பது. வெள்ளிக்கிழமை சாயங்காலம், எங்கெங்கோ பெற்றோர்கள் பொத்தானை அழுத்திக்கொண்டிருந்தார்கள். இருபத்தொரு நாளாகவும் இப்படித்தான் அழுத்தியிருக்கிறார்கள், நாங்கள் டிவிக்குக் கீழே உட்கார்ந்து பிரசாதப் பொங்கல் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம்.

சுவரோரம் நின்றிருந்த வான்மதியைச் சாந்தாமணி மேடம் கூப்பிட்டு லேப்டாப்பைக் கொடுத்தார். அவள் குறிப்பைப் படித்தாள். எல்லாம் ஒரே பக்கம், ஒரே வரி. பிள்ளையின் அட்டையில் பெற்றோரின் பெயருக்கு இரண்டு முதலெழுத்துப் போட, பெயரை இடைவெளியில் வெட்டி, இரண்டாவது துண்டின் முதல் எழுத்தை எடுக்கச் சொல்கிறது அந்த வரி. ஒற்றைப் பெயர்க்காரனுக்கு இரண்டாவது துண்டு ஏது? இல்லாததில் எழுத்தைத் தேடி விழுந்துவிடுகிறது. வெங்கடாசலம் விழுந்தார், சித்தர் விழுந்தார், ராஜராணி விழுந்தார்.

எந்த மடையன் எழுதினது என்று சேனாபதி கத்தினார். புரோகிராமின் ஒவ்வொரு வரிக்கும் அதை எழுதியவர் பெயர் பதிவாகி இருக்கும். வான்மதி அதைத் திறந்து பார்த்தாள். லேப்டாப்பைச் சேனாபதி பக்கம் திருப்பினாள்.

“நீங்கதான் சார். ரெண்டாயிரத்துப் பதினாலு, மார்ச்.”

சேனாபதியும் ஒரு காலத்தில் எஃப்.என்.யூ. சேனாபதிதான். சிட்டிசன்ஷிப் வாங்கும்போது அப்பா பெயரைச் சேர்த்துக்கொண்டு சேனாபதி பழனிசாமி ஆனார். ஆனதும் உலகத்தில் எல்லோருக்கும் இரண்டு பெயர் என்று முடிவு கட்டிவிட்டார். நம் ஆட்களுக்கு மட்டுமே வரக்கூடிய மறதி இது. அந்த மறதிக்குப் பெயர்தான் பேய், அதைப் பிடிக்கத்தான் வேப்பிலை.

அடுத்து மந்திர மூட்டையைப் பிரித்தாள் வான்மதி. பத்து நிமிடம் ஆனது. உள்ளே மூன்றே மூன்று கட்டளைகள். எந்தப் பிழை வந்தாலும் முதல் ஆளாகப் பிடி. யாரிடமும் சொல்லாதே. தூக்கிப் போடு. வாசலில் ஓர் ஆளை நிறுத்தி, வீட்டுக்கு வருகிற தந்தியை எல்லாம் கிழித்துப் போடச் சொல்லிவிட்டு, ஊரில் ஒரு சாவும் இல்லை என்று பொங்கல் வைத்திருக்கிறோம்!

சித்தருக்கு வெட்கம் வரும் என்று எதிர்பார்த்தேன். வரவில்லை. பென் டிரைவை இடுப்பில் செருகிக்கொண்டே பேசினார்.

“பிடிபடாததைப் பிடிச்சுத் தரேன்னு சொன்னேன். பிடிச்சேனா இல்லையா? பிடிச்சதை என்ன பண்ணுவேன்னு உங்கள்ல ஒருத்தராவது கேட்டீங்களா?”

கேட்கவில்லைதான். அத்தனை மாஸ்டர்ஸும் பேடன்ட்டும் சேர்ந்து தரையைப் பார்த்தன. நானும்தான் பார்த்தேன். சித்தர் சொன்னதில் அது ஒன்றுதான் உண்மை, அதுதான் எனக்கு ரொம்ப வலித்தது. அவர் காரை எடுத்துக்கொண்டு கிளம்பும்போதுகூட இரண்டு பேர் ஓடிப்போய்க் கதவைத் திறந்துவிட்டார்கள்.

வான்மதி அந்த வரியை அரை மணி நேரத்தில் சரிசெய்தாள். வெங்கடாசலத்துக்கு அக்கா போன் போட்டார். மனிதர் ஒரே அழுத்தில் மகளின் வேர்க்கடலையைப் பதிந்துவிட்டு, நெட் கம்பெனிக்காரனைத் திட்டியது பாவம் என்று வருத்தப்பட்டாராம்.

சேனாபதி அந்தக் கடிதத்தை வான்மதி எதிரிலேயே கிழித்துப் போட்டார். மன்னிப்பு என்ற சொல் அவர் வாயில் வரவில்லை. உன் நட்சத்திரத்தை இன்னொரு ஜோசியரிடம் காட்டினேன், அப்படி ஒன்றும் மோசமில்லையாம், நீ இருக்கலாம் என்றார்.

“சார், என் நட்சத்திரம் போன மாசமும் இதேதான். நீங்க அந்தப் பிழைக் குறிப்பைப் பார்த்திருந்தா போதும்” என்றாள் வான்மதி. அவ்வளவுதான் சொன்னாள். டிவியைக் கழற்ற வேண்டாம் என்று மட்டும் கேட்டுக்கொண்டாள். அதில் இப்போது பூஜ்யம் வருவதே இல்லை, ஐந்தோ ஆறோ வருகிறது, வந்த அன்றே உட்கார்ந்து சரிசெய்கிறோம்.

அவளிடம் போய் நான் மன்னிப்புக் கேட்டேன். எதற்கு என்று கேட்டாள். எல்லாம் தெரிந்தும் சும்மா இருந்ததற்கு என்றேன். ம் என்றாள். அது மன்னித்த ‘ம்’ தானா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

போன வாரம் டெக்சாஸ் ரவுண்ட் ராக்கிலிருந்து என் காலேஜ் நண்பன் நஞ்சுண்டன் கூப்பிட்டான். அங்கே ஒரு சித்தர் வந்திருக்கிறாராம், பென் டிரைவோடு. வெப்சைட்டில் பிழை ஒன்றுகூட இல்லாமல் ஆக்கிவிடுகிறாராம். ஒரு மணி நேரம் உட்கார்ந்து நடந்தது அத்தனையும் சொன்னேன். யந்திரம், மூன்று கட்டளை, பிழை நின்றதா, எண்ணுவது நின்றதா என்று பார்க்க வேண்டிய அவசியம், ஒன்று விடாமல் சொன்னேன். நஞ்சுண்டன் சிரித்தான், அடப்பாவி என்றான், ஜனங்க எவ்வளவு முட்டாளா இருக்காங்க பாரு என்று தலையில் அடித்துக்கொண்டான். போனை வைப்பதற்கு முன்னால் கேட்டான்:

“அது கெடக்கட்டும் மச்சான். வெள்ளிக்கிழமை எங்க சைட் லாஞ்ச். பத்தரைக்குள்ள பண்ணிடணும்ல? ராகு காலம் வந்துடும்.”

ராகு காலம் ஒன்றரை மணி நேரம்தானப்பா. யோசிக்க மாட்டேன் என்பவனுக்கு நாள் முழுக்க அதுதான்.